ஒரே பங்கு, இரண்டு சந்தை: ரூபாய்க்கு மட்டும் ஏன் வேலி?

புது தில்லி: ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்க வரும் தமிழர்கள், காய் வாங்கிய பிறகும் கலைந்து போவதில்லை. தில்லிவாழ் தமிழர்களுக்கு அது காய்கறிச் சந்தை மட்டுமல்ல, செய்திச் சந்தையும்கூட. யாருக்கு எந்த அமைச்சகத்துக்கு மாற்றல், யார் ஓய்வு பெற்றார், யாருடைய பிள்ளை எந்த நாட்டில் படிக்கிறான் என்பதெல்லாம் கறிவேப்பிலைக் கட்டோடு கைமாறும் இடம் அது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு சந்தித்த, ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வங்கிச் சீட்டை எடுத்து நீட்டினார். கனடாவில் படிக்கும் மகனின் கல்விக் கட்டணத்துக்காக 15,000 கனடிய டாலர் அனுப்பியிருக்கிறார். வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம். சீட்டில் 'கமிஷன் இல்லை' என்று அச்சிடப்பட்டிருந்தது. ஜி.எஸ்.டி. என்று சுமார் 930 ரூபாய் பிடித்திருந்தார்கள். அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவரை உறுத்தியது வேறொன்று. அன்று சந்தையில் ஒரு கனடிய டாலரின் விலை 61 ரூபாய்; வங்கி அவருக்கு விற்றது 62 ரூபாய் 20 காசுக்கு. வித்தியாசத்தை 15,000-த்தால் பெருக்கினால் 18,000 ரூபாய். சீட்டின் எந்த வரியிலும் அந்தத் தொகை இல்லை.

டொரன்டோவில் வேலை பார்க்கும் மூத்த மகள் இந்தச் செலவைத் தவிர்க்க அங்கே ஒரு வழி வைத்திருக்கிறாளாம். இரண்டு நாட்டுச் சந்தைகளிலும் பட்டியலிடப்பட்ட பங்கை ஒரு நாணயத்தில் வாங்கி இன்னொரு நாணயத்தில் விற்பது. நம்மிடமும் இன்ஃபோசிஸ் இருக்கிறதே, மும்பையிலும் நியூயார்க்கிலும் விற்கிறதே, அதை வைத்து நாம் ஏன் செய்ய முடியாது என்பதுதான் அவர் கேள்வி. "தினமும் நாடாளுமன்றத்துக்குப் போகிறீர்களே" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார். எளிய கேள்விதான். ஆனால் அதற்கான பதில் இந்தியாவின் அன்னியச் செலாவணிக் கொள்கையின் கடந்த 30 ஆண்டு வரலாற்றுக்குள் இழுத்துச் செல்கிறது.

மார்க்கெட்டில் நின்றபடியே விளக்கக்கூடிய விஷயம்தான் அது. எதிரே தில்லி ஹாட். இந்தப் பக்கம் மார்க்கெட்டில் ரூபாய் மட்டுமே செல்லும், அந்தப் பக்கம் டாலர் மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் இரண்டு பக்கமும் ஒன்றே. ரூபாய் கொடுத்து இங்கே 100 தேங்காய் வாங்கி, சாலையைக் கடந்து அங்கே விற்றால் கையில் டாலர். நாணய மாற்றுக் கடையின் படியை மிதிக்காமலே நாணயம் மாறிவிட்டது. செலவு, சுமை கூலி மட்டுமே.

கனடாவில் இந்த உத்தி 'நார்பர்ட் காய்நகர்த்தல்' என்ற பெயரில் பிரபலம். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த முதலீட்டு ஆலோசகர் நார்பர்ட் ஷ்லெங்கரின் பெயரால் வழங்குகிறது. ராயல் பாங்க் போன்ற பெரிய கனடிய வங்கிகளின் பங்குகள் டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் விற்பனையாகின்றன. டொரன்டோவில் கனடிய டாலர் கொடுத்து வாங்கி, அதே பங்கை நியூயார்க்கில் அமெரிக்க டாலருக்கு விற்கலாம். இதற்காகவே இரு நாணயங்களிலும் வர்த்தகமாகும் நிதி அலகுகளும் அங்கே உண்டு. வங்கி வழியே மாற்றினால் ஒன்றரை சதவீதம் வரை போகும். 10,000 டாலருக்கு 150 டாலர். இந்த வழியில் தரகருக்குத் தரும் இரண்டு சிறு கட்டணங்களோடு முடிந்துவிடும். வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையே பங்கின் விலை இறங்கினால் அது அவரவர் பாடு. 2024 மே மாதம் முதல் இரு நாடுகளிலும் பங்கு வர்த்தகம் அடுத்த வேலை நாளிலேயே கணக்குத் தீர்க்கப்படுவதால் அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. சட்டமும் தடுக்கவில்லை, அரசும் கண்டுகொள்ளவில்லை. கனடிய டாலர் முழுமையாக மாற்றத்தக்க நாணயம் என்பதே காரணம்.

அப்படி இல்லாத நாட்டில் இதே தேங்காய் வெடிகுண்டாகிவிடும். அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2001 டிசம்பரில் அந்நாட்டு அரசு வங்கி வைப்புகளை முடக்கியது. வாரத்துக்கு ஒரு சிறு தொகைக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது. ஆனால் முடங்கிய கணக்கிலிருந்து பங்கு வாங்கத் தடையில்லை. மக்கள் ப்யூனஸ் அயர்ஸில் உள்நாட்டு நிறுவனப் பங்குகளை வாங்கினார்கள். அவற்றை அமெரிக்க வைப்பு ரசீதுகளாக மாற்றினார்கள். நியூயார்க்கில் விற்று டாலரை அங்கேயே வங்கியில் போட்டார்கள். 2002 ஜனவரியில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்ற நிலைமாற்று விகிதம் உடைந்தபோது, முந்திக்கொண்டவர்களின் சேமிப்பு பிழைத்தது. வழி தெரியாதவர்களின் சேமிப்பு கரைந்தது. 2011-க்குப் பிறகு அந்நாட்டில் மீண்டும் டாலர் கட்டுப்பாடு வந்தபோது, பங்கு வழியே கிடைக்கும் டாலரின் விலை, அரசு விகிதத்துக்குப் போட்டியாக நாள்தோறும் பத்திரிகைகளில் வெளியானது.

ஜிம்பாப்வேயில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஓல்டு மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு லண்டன், ஜோஹன்னஸ்பர்க், ஹராரே ஆகிய இடங்களில் விற்பனையானது. ஹராரே விலையை லண்டன் விலையோடு ஒப்பிட்டு, உள்ளூர் நாணயத்தின் உண்மையான மதிப்பு இதுதான் என்று சந்தையே கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது. அரசு என்ன செய்தது? 2020 ஜூன் இறுதியில் பங்குச் சந்தையையே மூடிவிட்டது. ஆகஸ்டில் திறந்தபோதும் ஓல்டு மியூச்சுவல் போன்ற இரட்டைப் பட்டியல் பங்குகளுக்கு அனுமதி இல்லை. கண்ணாடியை உடைத்தால் முகம் அழகாகிவிடும் என்ற எண்ணம் போலும்.

மும்பை மின்ட் சாலையில் உள்ள ரிசர்வ் வங்கித் தலைமையகத்தின் அச்சமும் இதுதான். இரு சந்தைகளுக்கும் இடையே பங்கு தங்குதடையின்றிப் போய் வந்தால், ரூபாய்க்கு இரண்டாவது விலை ஒன்று பிறந்துவிடும். நெருக்கடி வரும் நாளில் அந்த விலைதான் முதலில் பேசும்.

இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் மூலதனம் திரட்டத் தொடங்கியது 1992 மே மாதம், ரிலையன்ஸ் வெளியிட்ட உலகளாவிய வைப்பு ரசீது மூலம். அதற்கென ஒரு திட்டத்தை மத்திய அரசு 1993-இல் அறிவித்தது. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, பின்னாளைய சிஃபி, பின்தொடர்ந்தது. விப்ரோ, ஐ.சி.ஐ.சி.ஐ., எச்.டி.எஃப்.சி. வங்கி, டாக்டர் ரெட்டீஸ் எல்லாம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நியூயார்க்கில் இடம் பிடித்தன.

ஏ.டி.ஆர். எனப்படும் அமெரிக்க வைப்பு ரசீது பங்கு அல்ல; பங்குக்கான சீட்டு. உண்மைப் பங்கு இந்தியாவில் ஒரு காப்பாளர் வங்கியிடம் இருக்கும். அதன் பேரில் அமெரிக்க வைப்பு வங்கி ரசீது கொடுக்கும். ஆரம்பத்தில் இது ஒருவழிப் பாதை. ரசீதைக் கொடுத்துப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். பங்கைத் திரும்ப ரசீதாக்க முடியாது. இதனால் அந்நாளில் இன்ஃபோசிஸ் ரசீது நியூயார்க்கில், மும்பைப் பங்கின் விலையைவிடப் பெரிதும் உயர்ந்து விற்றது. மலிவாக இருக்கும் மும்பையில் வாங்கி அங்கே கொண்டுபோய் விற்க வழியில்லை என்பதுதான் அந்த விலை ஏற்றத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

2001-02 பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா இருவழி மாற்றத்தை அறிவித்தார். 2002 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். வழி திறந்தது வெளிநாட்டில் இருப்பவருக்கு. அவர் சார்பில் இந்தியத் தரகர் இங்கே பங்கு வாங்கி, காப்பாளரிடம் ஒப்படைத்து, அங்கே ரசீதாக்கிக் கொடுக்கலாம். அதுவும் ஏற்கெனவே எத்தனை ரசீதுகள் பங்குகளாக மாறினவோ அந்த அளவுக்குள் மட்டுமே. அம்பத்தூரில் டிமேட் கணக்கு வைத்திருப்பவர் தன் இன்ஃபோசிஸ் பங்கை நியூயார்க்கில் விற்று, டாலரை மகனின் கல்லூரிக்குக் கட்ட அதில் இடமில்லை. அவர் முதலில் வங்கியில் ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்ப உரிமை உண்டு. ஆனால் கட்டணம் முதலில், உரிமை பிறகு.

எதிர்த் திசையில் ஓரளவு நடக்கும். இன்ஃபோசிஸ் ரசீதுகள் கைவசமுள்ள அமெரிக்கவாழ் தமிழர், அவற்றை வைப்பு வங்கியில் ரத்து செய்து, இங்குள்ள தன் டிமேட் கணக்கில் பங்காகப் பெற்று, மும்பையில் விற்று ரூபாயாக்கலாம். சட்டப்படி சரியானதே. ஆனால் ஒவ்வொரு ரசீதுக்கும் ரத்துக் கட்டணம், இங்கே தரகு, பரிவர்த்தனை வரி, மூலதன ஆதாய வரி, படிவங்கள் என்று கணக்குப் பார்த்தால் வங்கிக்குக் கொடுப்பதே மேல் என்று ஆகிவிடுகிறது. பெரிய நிதி நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும்; மாதம் 500 டாலர் அம்மாவுக்கு அனுப்புகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

இதன் மறுபக்கத்தையும் இந்தியா ஒருமுறை சோதித்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் பங்கை இந்தியர் ரூபாயிலேயே வாங்குவதற்காக, 2000-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தத்தில் இந்திய வைப்பு ரசீதுக்கு வழி செய்யப்பட்டது. 10 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, 2010 ஜூனில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி மட்டும் வந்தது. ரசீது ஒன்று 104 ரூபாய். 10 ரசீது சேர்ந்தால் லண்டன் பங்கு ஒன்று. ஓராண்டு முடிந்ததும் ரசீதைக் கொடுத்து லண்டன் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்த்தார்கள். தேங்காய் சாலையைக் கடக்கும் என்று நம்பினார்கள் என்று சொல்லலாம். 2011 ஜூனில் செபி கதவைச் சாத்தியது. அரிதாகவே வர்த்தகமாகும் ரசீதுகளை மட்டுமே மாற்றலாம் என்றது. விலை சரிந்தது. 2012-13 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி உச்சவரம்புடன் கூடிய இருவழி மாற்றத்தை அறிவித்து ஓரளவு ஈடு செய்தார். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டாவது நிறுவனம் ஒன்று வரவில்லை. வந்த ஒன்றும் 2020-இல் விலகிக்கொண்டது.

இரட்டைப் பட்டியல் என்ற சொல் தில்லி அரசியல் வட்டாரத்தில் உரக்க ஒலித்தது 2009-இல். பார்தி ஏர்டெல், தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என். நிறுவனத்தோடு சுமார் 2,300 கோடி டாலர் பேரம் பேசிக்கொண்டிருந்தது. எம்.டி.என். தன் தென்னாப்பிரிக்க அடையாளத்தை இழக்கக் கூடாது, இணைந்த நிறுவனம் இரு நாடுகளிலும் பட்டியலிடப்பட வேண்டும் என்று அந்நாட்டு அரசு நின்றது. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நிதியமைச்சகம், கம்பெனி விவகாரத் துறை, ரிசர்வ் வங்கி எல்லாம் தலையைச் சொறிந்தன. ஒரே பங்கு மும்பையில் ரூபாயிலும் ஜோஹன்னஸ்பர்கில் ராண்டிலும் தாராளமாகக் கைமாறினால், ரூபாயின் மூலதனக் கணக்குச் சுதந்திரத்தைச் சட்டம் இயற்றாமலே கொடுத்ததாகிவிடும் என்பதே மையச் சிக்கல். செப்டம்பர் 30 அன்று பேச்சு முறிந்தது. தொலைபேசி நிறுவனங்கள் இரண்டின் திருமணம், நாணயக் கொள்கை என்ற ஜாதகப் பொருத்தத்தில் நின்றுபோயிற்று. பார்தி மறு ஆண்டே 1,070 கோடி டாலருக்கு ஜெயின் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை வாங்கிக்கொண்டது என்பது வேறு கதை.

அந்தச் சுதந்திரத்தை எப்போது தருவது என்று ஆராய எஸ்.எஸ். தாராபூர் தலைமையில் இரண்டு குழுக்கள் அமைந்தன. முதல் குழு 1997 மே மாதம் அறிக்கை தந்து, மூன்றே ஆண்டுகளில் முழு மாற்றத்தை எட்டலாம் என்றது. ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது. ஆசிய நெருக்கடி மூண்டது. அறிக்கை அலமாரிக்குப் போனது. 2006-இல் இரண்டாவது குழு எச்சரிக்கையோடு எழுதியது. அன்று அவசரப்படாததால்தான் 1997-இலும் 2008-இலும் ரூபாய் தப்பியது என்று சொல்வோரின் வாதம் வலுவானது. இந்தச் செய்தியாளரும் அதை மறுக்கவில்லை.

இப்போதைய நிலை என்ன? 2020 செப்டம்பர் 22 அன்று மாநிலங்களவையில் ஒரே நாளில் 7 மசோதாக்கள் நிறைவேறின. வேளாண் மசோதா தகராறில் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம். அந்த ஏழில் கம்பெனிச் சட்டத் திருத்த மசோதாவும் ஒன்று. இந்திய நிறுவனங்கள் வைப்பு ரசீது இல்லாமல் நேரடியாகவே வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலிட வழி செய்தது அதுதான். விதிகள் 2024 ஜனவரியில் வந்தன. முதலில் அனுமதி கிடைத்தது குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் உள்ள சர்வதேசச் சந்தைகளுக்கு மட்டும். இந்திய மண்ணிலேயே, ஆனால் டாலரில். அன்னிய முதலீட்டை ஈர்ப்பதற்கான சாளரம் அது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெங்காயம் வாங்குகிறவருக்காகத் திறந்ததல்ல. இதற்கிடையே வேதாந்தா 2021-லும் டாடா மோட்டார்ஸ் 2023-லும் நியூயார்க் பட்டியலிலிருந்து விலகிவிட்டன. இருந்த தேங்காய்களும் குறைகின்றன.

ஆகவே அதிகாரிக்குப் பதில்: முடியாது. ரூபாய்க்கு வேலி இருப்பதில் நியாயமும் உண்டு. ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. வேலியை அரசு போட்டிருக்கிறது. வேலியின் ஒரே வாசலில் வங்கியை நிறுத்தியிருக்கிறது. வேறு வழியே இல்லாத வாடிக்கையாளரிடம் வாசல்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதைச் சொல்லவைக்கும் பொறுப்பும் அரசுக்குத்தானே உண்டு?

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. ஜி.எஸ்.டி. விதிகளில் 32-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். நாணய மாற்றுச் சேவையின் மதிப்பு என்ன என்று அது வரையறுக்கிறது: வங்கி விற்கும் விலைக்கும் ரிசர்வ் வங்கியின் குறிப்பு விகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். குறிப்பு விகிதம் இல்லாத நாணயமானால், தொகையில் ஒரு சதவீதம். அதாவது, கட்டணம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை நாட்டின் வரிச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதே விதி இன்னொரு வசதியும் தருகிறது. வங்கி விரும்பினால், பரிமாறிய தொகையில் ஒரு லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை அரை சதவீதம், அதற்கும் மேலே 0.1 சதவீதம் என்று ஒரு கற்பனை மதிப்பை வைத்துக்கொண்டு அதன் மேல் 18 சதவீத வரி கட்டலாம். நம் அதிகாரி அனுப்பியது 9,33,000 ரூபாய். இந்த முறையில் சேவையின் மதிப்பு 5,165 ரூபாய், வரி 930. அவரிடமிருந்து விகிதத்தில் போனதோ 18,000. வரித் துறையும் முழுத் தொகையைப் பார்க்கவில்லை, வாடிக்கையாளரும் பார்க்கவில்லை.

தமிழகத்துக்கு இது சில்லறை விஷயமல்ல. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி, வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பும் பணத்தில் மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்தபடியாகத் தமிழகத்துக்கு வருவது 10.4 சதவீதம். நாட்டுக்கு மொத்தமாக 2024-இல் வந்தது சுமார் 12,900 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. இதில் ஒரு சதவீதம் விகிதத்துக்குள் மறைந்தால் எவ்வளவு என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவதாக ஐ.நா.வில் உலக நாடுகள் உறுதி கூறியுள்ளன. இந்தியாவும் அதில் உண்டு.

ஒரு மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. 2019 ஆகஸ்டில் இந்தியத் தீர்வகக் கழகம், 'எஃப்.எக்ஸ். ரீடெய்ல்' என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. சிறு வாடிக்கையாளரும் தன் வங்கி மூலம் அதில் பதிவு செய்துகொண்டு, வங்கிகளுக்கு இடையிலான விலையை ஒட்டியே அமெரிக்க டாலர் வாங்கலாம், விற்கலாம். வங்கி தன் கட்டணத்தைத் தனியாக, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியே ஊக்குவித்த ஏற்பாடு. ஆனால் கிளைகளில் இதைப் பற்றி ஓர் அறிவிப்புப் பலகையாவது கண்ணில் பட்டதுண்டா? தனக்கு வரும் வருமானத்தைக் குறைக்கும் வழியை வங்கி தானாக விளம்பரம் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அன்னியச் செலாவணி விவாதம் என்றால் கையிருப்பு எத்தனை ஆயிரம் கோடி, ரூபாய் எத்தனை பைசா சரிந்தது என்பதோடு நம் உறுப்பினர்களும் நின்றுவிடுகிறார்கள். சந்தை விகிதம் இவ்வளவு, உங்களுக்குத் தந்த விகிதம் இவ்வளவு, வித்தியாசம் ரூபாயில் இவ்வளவு என்று சீட்டில் மூன்று வரி அச்சிடச் சொல்ல புதிய சட்டம்கூடத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும்.

இந்த மார்க்கெட்டின் பெயரில் ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த படை. அதன் தற்காலிக அரசு 1944 ஏப்ரலில் ரங்கூனில் தனக்கென ஒரு வங்கியே தொடங்கியது. கடல் கடந்த தமிழரின் பணமும் தாய்நாட்டின் நாணயமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருப்பது அன்றைய கதை மட்டுமல்ல என்று அதிகாரியிடம் சொன்னபோது சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அதே கடையில் பார்த்தேன். வங்கிக்குப் போய் அந்த இணையத் தளத்தைப் பற்றி விசாரித்தாராம். முகப்பில் இருந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. மேலாளர் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதில் அமெரிக்க டாலர் கிடைக்கும், கனடிய டாலருக்கு மறுபடியும் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். அடுத்த பருவக் கட்டணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய் விலையைப் பேரம் பேசத் தொடங்கினார்.